குமரேசனின் விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை

என் கண்ணான தம்பி குமரேசா,

நீ தொலைபேசியில் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் நிற்கிறது. நான் அப்போது தலைமையாசிரியர் அறையில் இருந்தேன். வாசலில் யாரோ பெற்றோர் காத்திருந்தார்கள். "அக்கா, ஒரு சந்தேகம். விரல்ல பலம் கம்மியானா தந்தி அதிர்றதும் கம்மியாயிடும்ல?" என்றாய். "ஆமாம்டா, கம்மியா இழுத்தா வீச்சு கம்மி, சத்தமும் கம்மி. ஏன் கேக்குற?" என்றேன். "சும்மாதான்" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

அந்தச் "சும்மாதான்" மேல்தான் எனக்கு முதல் கோபம். பாதிக் கேள்வி கேட்டால் பாதிக் கேள்விக்குத்தான் விடை கிடைக்கும். யாருடைய விரல், எந்தப் பெட்டி, எப்போதிலிருந்து, யார் சொன்னார்கள் என்று நீ எதையும் சொல்லவில்லை. வயிற்றுவலி என்று மட்டும் சொல்லிவிட்டு, நேற்று என்ன சாப்பிட்டோம் என்பதை டாக்டரிடம் மறைக்கிற ஆளைப் போலக் கேட்டாய். நான் சொன்ன விடையில் தப்பில்லை. ஆனால் நீ அதை ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

இனி நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். பொறுமையாகக் கேள். எனக்குத்தான் பொறுமை இல்லை.

நீ பேஸ் கிட்டாரில் அடிநாதம் வாசித்த பாட்டுக் குழுவினர் ஒரு கல்யாண மண்டபத்தில் உனக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். மேடையின் நடுவில் உன் ஸ்பீக்கர் பாக்ஸ். அதன் தலையில் உன் படம். படத்துக்கு ஒரு மாலை, பாக்ஸுக்கு ஒரு மாலை. அதிலிருந்து ஒரு கம்பிகூட எங்கும் போகவில்லை. பாட்டெல்லாம் பின்னால் நின்ற புதுப் பெட்டிகளிலிருந்து வந்தது. உன் பெட்டி படம் வைக்கிற மேசையாகிவிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் மனைவி சாந்தி என் பக்கத்தில் இருந்தாள்.

பிறகு உன் குழுத் தலைவர் ஏகாம்பரம் மைக்கைப் பிடித்தார். அவர் நல்லவர்தான், உன்னை அண்ணன் என்றே கூப்பிட்டவர். "குமரேசன் அண்ணன் மாதிரி பேஸ் வாசிக்க இந்த ஜில்லாவுலயே ஆள் கெடையாது. ஆனா பாவம், கடைசில விரல் ஒத்துழைக்கல. அடிச்சி அடிச்சிப் பாப்பாரு, சத்தமே எழும்பாது. நாங்க யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. அவரே புரிஞ்சிகிட்டு ஒதுங்கிட்டாரு. அது எவ்ளோ பெரிய மனசு" என்றார். மண்டபம் முழுக்க உச்சுக்கொட்டியது.

பழி சொல்லியிருந்தால் எழுந்து மறுத்திருக்கலாம். பரிதாபப்பட்டவரை என்ன செய்வது? கண்ணில் தண்ணீரோடு நிற்கிறாரே. உனக்கு விரல் போய்விட்டது என்பதை நான் முதன்முதலாகக் கேட்டது அந்த மண்டபத்தில்தான். திரும்பிப் பார்த்தேன். சாந்தி தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் என்பது போல ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்தபின் அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நீ டாக்டரிடம் போனது, டாக்டர் கையை மடக்கி நீட்டிப் பார்த்து ஒன்றும் இல்லை என்றது, அப்படியும் கேட்டு வாங்கிச் சத்து மாத்திரை போட்டுக்கொண்டது, பேருந்தில் போகும்போதுகூட ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டே போனது. தினமும் படுக்கப் போகுமுன் அவள் உன் விரல்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது. கடைசியில் நீ கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மச்சானின் ஜெராக்ஸ் கடையில் போய் உட்கார்ந்தது. செய்யாறு பக்கம் பதவி உயர்வில் போயிருந்த எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. சனிக்கிழமைகளில் நான் வரும்போதெல்லாம், "முன்ன மாதிரி கச்சேரி இல்லக்கா, எல்லாரும் கீபோர்டுலயே முடிச்சிக்கறாங்க" என்பாய். அதையும் நம்பும்படியாகத்தான் சொன்னாய்.

அந்தப் பெட்டியை நான் கேட்டு வாங்கி வந்தேன். "எடுத்துக்குங்க டீச்சர். அதுல இன்னா இருக்கு இப்ப? பழைய பலகை" என்றார் ஏகாம்பரம். லோடு ஆட்டோவில் ஏற்றி வேங்கிக்கால் வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தேன்.

பழைய பலகையாம். நம் அம்மா வயிற்றுக்குப் பிறகு நீ அதிக நேரம் சாய்ந்திருந்தது அந்தப் பலகையில்தான்.

எண்பத்தொன்பதில் மெட்ராஸில் ஒரு குழு கலைந்தபோது நீ அதை வாங்கி வந்தாய். அப்போதே அது பழசு. மேலே ஆம்ப்ளிஃபயர், கீழே இரண்டு பெரிய ஸ்பீக்கர் வைத்த ஆளுயரப் பெட்டி, கறுப்பு ரெக்சின், மூலைகளில் இரும்புக் காப்பு. பேருந்தின் கூரையில் வாழைத்தார்களுக்கு நடுவே ஏற்றி வந்தாயாம். "இன்னாப்பா இது, பீரோவா?" என்று கண்டக்டர் கேட்டார். "பேஸ் பாக்ஸ்ணா" என்றாய். "ஒண்ணும் வெளங்கல. பீரோக்கே டிக்கெட் போட்டுடறேன்" என்றார் அவர். அன்றிலிருந்து நம் வீட்டில் அதற்குப் பெயர் பீரோ.

மெட்ராஸில் உன்னைச் சிலர் கிண்டல் செய்தார்கள் என்றாய். கண்ணாடிக் குழாய் வால்வு போட்ட ஆம்ப்தான் ஆம்ப், உன்னுடையது போல டிரான்சிஸ்டர் போட்டதெல்லாம் ரேடியோ என்றார்களாம். அவர்கள் நம் ஊர்த் திருவிழாவுக்கு வந்து பார்க்கட்டும். பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் ஏறினால் விளக்கெல்லாம் அழுது வடியும். அடி அண்ணாமலைப் பக்கம் மேடை போட்டால் ஜெனரேட்டர் மூச்சு வாங்கும், திடீரென்று பாயும். வண்டியில் குலுங்கி, மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுநாள் சுவிட்சைப் போட்டதும் தொப்பென்று ஒரு சத்தத்தோடு எழுந்து நிற்கும் அந்தப் பீரோ. கண்ணாடிக் குழாய்களை வைத்துக்கொண்டு நீ நம் சாலைகளில் எத்தனை கச்சேரிக்குப் போயிருப்பாய்?

அப்படியும் ஒருநாள் அது செத்துப்போய் வந்தது. கூழ் வார்த்தல் கச்சேரி ஒன்றில் ஜெனரேட்டர்காரர் ஏதோ செய்ய, பாட்டின் நடுவில் ஊமையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை என் வீட்டுக் கூடத்தில் கவிழ்த்துப் போட்டோம். நான் பள்ளி ஆய்வகத்துக்கு வைத்திருந்த மல்ட்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். பின்பக்கத்தில் சூட்டை ஆற்றுகிற அலுமினிய விசிறித் தகட்டில், சின்ன இரும்புத் தொப்பி போல 3055 என்று எண் போட்ட டிரான்சிஸ்டர்கள். அதில் ஒன்று வெந்துபோயிருந்தது.

கடையில் வாங்கிப் புதிதாகப் போட்டோம். சுவிட்சைத் தட்டினாய். ஃபியூஸ் போயிற்று. இன்னொரு ஃபியூஸ். அதுவும் போயிற்று. "அக்கா, நீ பிசிக்ஸ்ல எவ்ளோ மார்க்கு?" என்று கேட்டாய். "வாயை மூடிக்கிட்டு அந்த மைக்காவ எங்க வெச்சேன்னு சொல்லு" என்றேன். டிரான்சிஸ்டருக்கும் தகட்டுக்கும் நடுவே மின்சாரம் தாண்டாமலிருக்க வைக்கிற அந்த மெல்லிய மைக்காச் சில்லு உன் முழங்காலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்று நாம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். எது கெட்டாலும் முதலில் பிளக், பிறகு ஃபியூஸ், பிறகு கம்பி, அதற்கப்புறம்தான் உள்ளே இருக்கிற பாகம். சுலபத்தைப் பார்க்காமல் கடினத்தைத் தொடக்கூடாது. என் மாணவிகளுக்கும் இதைத்தான் சொன்னேன். கணக்கு வரவில்லையென்றால் உன் மூளையைச் சந்தேகப்படாதே, முதலில் கேள்வியைச் சரியாகப் பார்த்து எழுதினாயா என்று பார்.

சரிசெய்து முடித்த அன்று நீ கிட்டாரைச் சொருகி, தடித்த தந்தியை ஒரே ஒரு முறை இழுத்தாய். காதுக்கு வருமுன் அது காலுக்கு வந்தது. சமையலறை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "டீச்சர், உங்க தம்பி வாசிச்சா எங்க வூட்டு எவர்சில்வர் எல்லாம் பேசுது" என்றார். "நல்லா பேசுதா?" என்று கேட்டாய். "ஜாஸ்தியா பேசுது" என்றார்.

அதற்குப் பின் எத்தனை ஞாயிறுகள். ஒருநாள் கண்டென்சர் வீங்கி உறுமும், ஒருநாள் வால்யூம் திருகு கரகரக்கும், ஒருநாள் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஓரத்தில் கிழியும். மெல்லிய காகிதமும் பசையும் வைத்து ஒட்டுவோம். ஒட்டியபின் பெட்டியைப் படுக்கவைத்து, மேலே தட்டில் ரவையைப் பரப்பி நீ வாசிப்பாய். ரவை ஓடி ஓடிக் கோடு போடும். ஒரு வருடம் அதையே என் பள்ளிக்குக் கொண்டுவந்து அதிர்வுப் பாடம் நடத்தினோம். பாடம் முடிந்து மணி அடித்த பிறகும் ஒரு பெண்ணும் எழுந்து போகவில்லை. அந்த ரவை துள்ளியது உன் விரலால்தான் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

இப்போது கூடத்தில் நின்ற பீரோவிடம் வருகிறேன். அப்போது எனக்குப் பெட்டிமேல் எந்தச் சந்தேகமும் இல்லை, கேட்பவர்களுக்கு அதைத்தான் நம்பக் கடினமாக இருக்கும். உன் நினைவாக ஒரு கேசட் போட்டுக் கேட்கலாமென்று டேப்ரெக்கார்டரை அதில் சொருகினேன். பாட்டு வந்தது. பாடுகிறவர் வந்தார், வயலின் வந்தது. தரையில் ஒன்றும் வரவில்லை. சுவர் தகரமாகிவிட்டது போல இருந்தது. என் பாதத்துக்கு அந்தப் பெட்டியைத் தெரியும், குமரேசா. அது இது இல்லை.

பிளக் பார்த்தேன். ஃபியூஸ் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயரை வேறொரு ஸ்பீக்கரோடு சேர்த்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. பிறகு பெட்டியின் முன்துணிச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, சுவர்க் கடிகாரத்தின் பென்சில் செல்லை எடுத்து, பெட்டிக்குப் போகிற கம்பியில் ஒரு நொடி தொட்டேன். மேலே இருந்த கூம்பு முன்னால் வந்தது. கீழே இருந்த கூம்பு பின்னால் போனது.

இன்னொரு முறை தொட்டேன். அதேதான். அப்புறம் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஊர் இதழில் இதைப் படிக்கிறவர்களுக்காக ஒரு உதாரணம் சொல்கிறேன், உனக்குத் தேவையில்லை. நின்றுபோன பேருந்தை நாலு பேர் பின்னாலிருந்து தள்ளினால் நகரும். இரண்டு பேர் பின்னாலும் இரண்டு பேர் முன்னாலும் நின்று தள்ளினால்? வேர்க்கும், மூச்சு வாங்கும், பேருந்து அப்படியே நிற்கும். ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது பக்கத்து ஸ்பீக்கர் அதை இழுத்தால் பேஸ் சத்தம் அப்படித்தான் ஒன்றையொன்று தின்றுவிடும். விரல் தந்தியில் படுகிற டக் என்கிற ஓசை மட்டும் மிஞ்சும். எவ்வளவுக்கு ஓங்கி அடிக்கிறாயோ அவ்வளவுக்கு டக்தான் பெரிதாகும்.

பெட்டியை ஒட்டி நின்ற உனக்குக் கொஞ்சமாவது கேட்டிருக்கும். தள்ளி நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது. நீ நன்றாகத்தானே வாசிக்கிறோம் என்று நினைத்திருப்பாய். எதிரில் இருந்தவர்கள் இல்லை என்று முகத்தைச் சுளித்திருப்பார்கள். ஒருவன் எத்தனை நாள் தன் காதையே நம்பிக்கொண்டிருக்க முடியும்?

பின்பலகையைக் கழற்றினேன். கீழ் ஸ்பீக்கரை யாரோ வெளியே எடுத்துப் பழுது பார்த்து மாட்டியிருந்தது தெரிந்தது. ஸ்பீக்கரில் கம்பி பற்றவைக்க இரண்டு காதுகள் இருக்கும். எது நேர்முனை என்று காட்ட ஒன்றின் அருகே கம்பெனிக்காரர்கள் சிவப்புப் பெயிண்டால் புள்ளி வைத்திருப்பார்கள். இதில் சிவப்புப் புள்ளி எதிர்முனை அருகே இருந்தது. நகத்தால் சுரண்டினேன். பொடியாக உதிர்ந்தது. சந்தனம், அதன்மேல் குங்குமம். அடுத்த காதின் அருகே வழிந்து காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைத்தால், அடியில் மங்கிய சிவப்புப் பெயிண்ட்.

ஆயுதபூஜை. குழுவின் சாமான்களையெல்லாம் பழுது பார்க்கிற சவுண்டு சர்வீஸ் கண்ணப்பனிடம் நான் செய்யாற்றில் இருந்தபோது ஒரு நவராத்திரி சமயத்தில் அந்த ஸ்பீக்கர் போனதாகச் சாந்தி சொன்னாள். கடையில் ஸ்க்ரூடிரைவரிலிருந்து ஏணிவரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தபோது, கவிழ்ந்து கிடந்த உன் ஸ்பீக்கருக்கும் பக்தியோடு ஒரு பொட்டு. பூஜை முடிந்து மறுநாள் அந்தப் பொட்டைப் பார்த்துக் கம்பியைப் பற்றவைத்திருக்கிறான்.

நேராக அவன் கடைக்குப் போனேன். கண்ணப்பன் மறுக்கவில்லை, அவனுக்கு விஷயமே புரியவில்லை. "டீச்சர்மா, நான் டெஸ்ட் பண்ணித்தான் குடுத்தேன்" என்றான்.

"எப்படி டெஸ்ட் பண்ண?"

"மைக்க சொருகி ஹலோ ஹலோன்னு சொன்னேன். சும்மா கணீர்னு கேட்டுச்சு."

"ஹலோவுல பேஸ் எங்கப்பா இருக்கு?"

"இன்னா டீச்சர் இது. எல்லா பாக்ஸையும் ஹலோ சொல்லித்தான டெஸ்ட் பண்றோம்" என்றான், நான் என்னவோ சாமியைக் குறை சொல்லிவிட்டது போல.

பொட்டு வைத்ததற்கு எனக்குக் கோபமில்லை. கம்பியை மாற்றி வைத்ததற்குக்கூட இல்லை, கை தவறாதவர் யார்? பேஸ் பெட்டியைப் பழுது பார்த்துவிட்டு ஒரு பேஸ் தந்தியை இழுத்துப் பார்க்காமல் ஹலோ சொல்லி அனுப்பினானே, அதற்குத்தான் கோபம். நீச்சல் தெரியுமா என்று பார்க்க ஒருவனைத் தரையில் நடக்கவிட்டுச் சான்றிதழ் கொடுத்த மாதிரி.

ஏகாம்பரத்திடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "விடுங்க டீச்சர். போனவரு போயிட்டாரு. இப்ப இது தெரிஞ்சி யாருக்கு இன்னா ஆகப்போவுது?" என்றார்.

"நீங்க மேடையில நின்னு ஊருக்குச் சொன்னீங்கல்ல, விரல் போயிடுச்சின்னு. அது இல்லைன்னு அதே மாதிரி மேடையில சொல்லணும்."

"நான் அண்ணன உசத்தித்தான டீச்சர் பேசினேன்."

"இல்லாத நோயைக் குடுத்துட்டு உசத்தி என்ன இருக்கு?"

அடுத்த ஞாயிறு காலை ஒத்திகைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

துணிக்கடைக்கு மேலே உள்ள அந்த ஒத்திகைக் கூடம் உனக்குத் தெரியும். பீரோவை நாலு பேர் தூக்கி மாடிக்கு ஏற்றினார்கள். கீழ் ஸ்பீக்கரின் கம்பிகளைப் பின்னால் வெளியே தெரிய இழுத்து வைத்திருந்தேன், எல்லார் கண்ணுக்கும் முன்னால் மாற்றலாம் என்று. கண்ணப்பனையும் வரச் சொல்லியிருந்தேன். சாந்தி உன் கிட்டாரைக் கொண்டுவந்தாள். "யார் வாசிக்கிறது?" என்று ஏகாம்பரம் கேட்டார். "நான்தான்" என்றேன்.

எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். ஒரு தந்தியை இழுக்கத் தெரியும், அவ்வளவுதான். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. கண்ணப்பன் மாட்டிக் கொடுத்தபடியே கம்பிகளை விட்டு, தடித்த தந்தியை இழுத்தேன். டக் என்றது. இன்னும் பலமாக இழுத்தேன். இன்னும் பெரிய டக்.

"சாக்பீஸ் புடிச்ச கை டீச்சர், பேஸுக்கு விரல்ல பலம் வேணும்" என்றார் டிரம்ஸ்காரர். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று காத்திருந்தேன். "என்னா வேணும்னு சொன்னீங்க?" என்று கேட்டேன். "பலம், டீச்சர்" என்றார்.

ஆம்ப்பை அணைத்துவிட்டு இரண்டு கம்பிகளை இடம் மாற்றினேன். மறுபடி சுவிட்சைப் போட்டேன். வால்யூமைத் தொடவில்லை. அதே தந்தி, அதே சுருங்கிப்போன விரல்.

கூடம் நிரம்பியது. ஜன்னல் கதவு அதிர்ந்தது, மேசையிலிருந்த டீ கிளாஸ் நகர்ந்தது. யாரும் தொடாத சிறிய டிரம்மின் அடியில் உள்ள கம்பிச் சுருள்கள் தாமாகவே சரசரவென்று நடுங்கின. டிரம்ஸ்காரர் கையை நீட்டி அதை அடக்கினார். கீழே துணிக்கடையிலிருந்து யாரோ மேலே பார்த்து, "இன்னாது அது?" என்று கத்தினார்கள். கண்ணப்பன் பெட்டிக்குப் பின்னால் குனிந்து, கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது சாந்தி மெதுவாகக் கேட்டாள். "நல்லா இருந்த விரலுக்கா அண்ணி நான் எண்ணெய் தேச்சேன்?"

இதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறதா, குமரேசா?

ஏகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பங்குனி உத்திரக் கச்சேரில நானே மேடையில சொல்றேன் டீச்சர்" என்றார். நம்பினேன். நானும் சாந்தியும் முன்வரிசையில் போய் உட்கார்ந்தோம். மூன்று பாட்டுக்கு அப்புறம் அவர் மைக்கை எடுத்தார். "நம்ம குமரேசன் அண்ணன் பாக்ஸுல ஒரு சின்ன டெக்னிக்கல் பிராப்ளம் இருந்திருக்கு. டீச்சர் அத சரி பண்ணிட்டாங்க, அவங்களுக்கு ஒரு கைத்தட்டு குடுங்க. அடுத்து ஒரு துள்ளலான பாட்டு" என்றார்.

கைத்தட்டினார்கள். எனக்கு. பெட்டியில் கோளாறு என்றாரே தவிர, விரலில் கோளாறு இல்லை என்று சொல்லவில்லை. பரிதாபத்தை மைக்கில் விரிவாகச் சொல்ல நேரம் இருந்தது, உண்மையைச் சொல்ல அடுத்த பாட்டு அவசரமாகிவிட்டது. கச்சேரி முடிந்து கேட்டதற்கு, "அதான் சொல்லிட்டேனே டீச்சர்" என்றார்.

அதனால்தான் இதை எழுதி நம் ஊர் மாத இதழுக்குக் கொடுக்கிறேன். ஏகாம்பரத்துக்கும் ஒரு பிரதி போகும். அன்று மண்டபத்தில் உச்சுக்கொட்டிய ஒவ்வொருவரும் இதைப் படிக்கட்டும். குமரேசனின் விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசிக் கச்சேரிவரை அவன் சரியாக வாசித்தான். கேட்காதது நீங்கள்.

எல்லாரையும் திட்டிவிட்டேன், இனி உன்னைத் திட்ட வேண்டும். பிளக், ஃபியூஸ், கம்பி, அப்புறம்தான் பாகம் என்று என்னோடு சேர்ந்து பழகியவன் நீ. எத்தனையோ பேருடைய ஆம்ப்பை அப்படித்தான் வரிசையாகப் பார்த்துச் சரிசெய்து கொடுத்திருக்கிறாய். உன் விஷயத்தில் மட்டும் ஏன் எதையும் பார்க்காமல் நேராக உன்மேல் கை வைத்தாய்? ஒரு பெட்டிக்குக் கொடுத்த நியாயத்தை உனக்கு நீ கொடுத்துக்கொள்ள என்ன தடை? நாலு பேர் முகம் சுளித்தால் போதுமா, தம்பி? இந்தக் கேள்விக்கு "சும்மாதான்" என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

பீரோ இப்போது என் கூடத்தில் இருக்கிறது. மாலையைக் கழற்றிவிட்டேன். பழைய கண்டென்சர்களை மாற்றினேன், கிழிந்த ரெக்சினை ஒட்டினேன். காலையில் சாந்தி வந்தால் கேசட் போடுவோம், நீ வாசித்துப் பதிவு செய்த ஒத்திகை கேசட். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, சிமெண்டுத் தரையில் வெறும் காலோடு நின்று கேட்கிறாள். நானும் அவள் பக்கத்தில் வெறும் காலோடு நிற்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த ஜில்லாவில் எந்த மேடையிலாவது யாராவது உன் விரலைப் பற்றிப் பரிதாபமாக ஆரம்பித்தால், நான் கூட்டத்தின் நடுவில் எழுந்து நிற்பேன். அவர் திருத்திச் சொல்லும்வரை உட்காரமாட்டேன். நான் எழுந்து நின்றால் வகுப்பு அடங்குமா அடங்காதா என்பது உனக்குத் தெரியும்.

இதைப் படிக்கிற உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டுப் பாட்டுப்பெட்டியில் தனித்தனியாக இரண்டு ஸ்பீக்கர் இருந்தால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெட்டியை அணைத்துவிட்டு, ஒரு ஸ்பீக்கரின் இரண்டு கம்பிகளை மட்டும் இடம் மாற்றிச் சொருகி, உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டைக் கேளுங்கள். மறுபடி அணைத்து, கம்பிகளைச் சரியாக மாட்டி, அதே பாட்டை இன்னொரு முறை கேளுங்கள்.

உன் கூடப்பிறந்தவள்,
தனலட்சுமி அக்கா